மாசை எங்கே பிடிப்பது: கடைசி பேட்சிலா, இன்டர்மீடியட்டிலா, வினையிலேயேவா?

மருந்து இன்டர்மீடியட், அதாவது மருந்து மூலக்கூறை நோக்கிப் போகும் வழியில் வரும் இடைப்பொருள், செய்யும் ஆலைகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தக் கூட்டம் நடக்கும். வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்திருக்கும்: உங்கள் சரக்கில் மரபணுவைத் தாக்கக்கூடிய இன்ன மாசு இருக்க வாய்ப்பு உண்டு, அதை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள்? மேசையைச் சுற்றி மூன்று பேர், மூன்று பதில். தரச் சோதனைப் பிரிவான கியூசியின் தலைவர், மிக நுண்ணிய அளவையும் நிறையை வைத்து அளக்கும் டிரிபிள் குவாட் எல்சி-எம்எஸ் கருவி ஒன்று வாங்கிக் கடைசி பேட்சைச் சோதித்துவிடலாம் என்பார். ஆர் அண்ட் டி ஆள், அந்த ஸ்டெப்பையே மாற்றிவிடுகிறேன், ஆறு மாதம் கொடுங்கள் என்பார். அரசு அனுமதிகளைக் கவனிக்கும் ரெகுலேட்டரி பிரிவுக்காரருக்கு இரண்டுமே வேண்டாம். இன்டர்மீடியட்டில் ஒரு வரம்பு வைத்துவிட்டு, மிச்சம் அடுத்தடுத்த ஸ்டெப்புகளில் கழிந்துவிடும் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்பார். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு மூன்றும் பிடிக்காது. "பேட்ச் பாஸா ஃபெயிலா, அதை மட்டும் சொல்லுங்க சார்."

அந்த மேசையில் வெவ்வேறு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாசு எங்கே பிறக்கிறதோ அதற்கு எவ்வளவு பக்கத்தில் பிடிக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் பிடிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ரெகுலேட்டரிக்காரர் சொல்வது பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. அதைக் காட்ட சார்டன் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். மூன்று வழிகளும் எங்கெங்கே சறுக்கும் என்பது உலகம் பார்க்க வெளியே வந்த கதை அது.

வால்சார்டன், லோசார்டன், இர்பிசார்டன் எல்லாம் ரத்த அழுத்த மாத்திரைகள். இவற்றின் பல செய்முறைகளில் பொதுவாக வரும் ஒரு இன்டர்மீடியட்டைத் தொழிலில் ப்ரோமோ ஓடிபிஎன் என்பார்கள். இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிய பைஃபீனைல், ஒரு வளையத்தில் நைட்ரைல், மற்றதில் மெத்தில். இது ஓடிபிஎன். அந்த மெத்தில் தொகுதியில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ப்ரோமினை உட்கார வைத்தால் ப்ரோமோ ஓடிபிஎன். ப்ரோமின் ஒன்றுக்கு இரண்டாக ஏறினால் டைப்ரோமோ, ஏறாமல் நின்றால் பழைய ஓடிபிஎன். எனவே இந்தச் சரக்கில் இரண்டு மாசுகள் பிறவியிலேயே கூட வரும். திறந்த டிரம்முக்குப் பக்கத்தில் நின்றால் கண் எரிந்து நீர் கொட்டும். அமீனைக் கண்டால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. அந்தக் குணத்துக்காகத்தான் அதை வாங்குகிறோம். அதே குணத்தால் டிஎன்ஏவிலும் ஒட்டக்கூடும் என்பதுதான் அதன் மேல் உள்ள குற்றச்சாட்டு.

இப்போது எண்ணுக்கு வருவோம். சாதாரண மாசு என்றால் மருந்துகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் ஐசிஹெச் அமைப்பின் க்யூ3ஏ விதி. நாளைக்கு 2 கிராம் வரை சாப்பிடும் மருந்தில் 0.10 சதவீதம் (அல்லது 1 மில்லிகிராம், எது குறைவோ அது) தாண்டினால் அந்த மாசு என்ன என்று அடையாளம் காண வேண்டும். 0.10 சதவீதம் என்பது 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு. மரபணுவைத் தாக்கும் மாசுக்கு வேறு விதி, ஐசிஹெச் எம்7. முதலில் 2014இல் இறுதியானது, கடைசித் திருத்தம் 2023இல். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் நாளைக்கு 1.5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் பொது வரம்பு. வால்சார்டனின் அதிகபட்ச டோஸ் நாளைக்கு 320 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால் 4.7 பிபிஎம். ஒரு டன் பேட்சில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவு. 1000 பிபிஎம்முக்குப் பழகிய ஆய்வகம் திடீரென்று இருநூறில் ஒரு பங்கைத் தேட வேண்டும்.

எம்7 நான்கு கட்டுப்பாட்டு வழிகளைத் தருகிறது. முதலாவது, கடைசியில் வரும் ஏபிஐயில், அதாவது மாத்திரைக்குள் போகும் மருந்துப் பொருளில், சோதிப்பது. இரண்டாவது, மூலப்பொருளிலோ இன்டர்மீடியட்டிலோ அதே கண்டிப்பான வரம்பை வைத்துச் சோதிப்பது. மூன்றாவது, இன்டர்மீடியட்டில் கொஞ்சம் தாராளமான வரம்பு வைத்து, மிச்சம் பின்னால் கழிந்துவிடும் என்று நிரூபிப்பது. ஏபிஐயில் அந்த மாசு வரம்பின் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் என்று சோதனை முடிவுகளோடு காட்ட வேண்டும். நான்காவது, சோதனையே இல்லாமல் செய்முறை அறிவை மட்டும் வைத்து வாதிடுவது. வினையையே மாற்றுவது இந்தப் பட்டியலில் தனி எண்ணாக இல்லை. ஆனால் மேசையில் அதுவும் ஒரு வழிதான்.

கடைசியில் சோதித்தால்

இதில் ஒரு நிம்மதி உண்டு. வாதம் இல்லை, எண் இருக்கிறது. ஆடிட்டர் வந்தால் குரோமட்டோகிராமை நீட்டலாம். ஒவ்வொரு பேட்சையும் வாழ்நாள் முழுக்கச் சோதிக்க வேண்டும் என்பதும் இல்லை. உற்பத்தி அளவில் தொடர்ந்து மூன்று பேட்சுகளில் மாசு வரம்பின் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், விட்டு விட்டுச் சோதிக்க வழி இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், சோதனை எதைக் கேட்கிறதோ அதற்கு மட்டும்தான் பதில் வரும். 2018 ஜூலையில் வால்சார்டன் மாத்திரைகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெற்றபோது அதைத்தான் பார்த்தோம். சீனாவின் லின்ஹாயில் உள்ள செஜியாங் ஹுவாஹாய் ஆலையின் வால்சார்டனில் என்டிஎம்ஏ என்ற மாசு இருந்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமீன் வகைப் பொருள் அது. அந்த ஆலை சில ஆண்டுகளுக்கு முன்பு டெட்ரசோல் என்ற நைட்ரஜன் நிறைந்த வளையத்தை மருந்தில் கட்டும் ஸ்டெப்பை மாற்றியிருந்தது. சோடியம் அசைடு, துத்தநாகக் குளோரைடு, கரைப்பானாக டைமெத்தில்ஃபார்மமைடு. வினை முடிந்ததும் மிஞ்சிய அசைடைக் கொல்ல சோடியம் நைட்ரைட்டும் அமிலமும். டைமெத்தில்ஃபார்மமைடு உடைந்தால் டைமெத்தில்அமீன் வரும். அதில் சிறிதளவு ஏற்கெனவே கரைந்தும் இருக்கும். அமீனும் நைட்ரஸ் அமிலமும் ஒரே பானையில் சந்தித்தால் நைட்ரோசமீன் வரும் என்பது பாடப்புத்தக வேதியியல்.

அத்தனை ஆண்டுகளும் பேட்சுகள் ஸ்பெசிஃபிகேஷனில் பாஸ் ஆகிக்கொண்டுதான் இருந்தன. என்டிஎம்ஏ சின்ன மூலக்கூறு, நீரில் கலக்கும். வழக்கமான ரிவர்ஸ் ஃபேஸ் ஹெச்பிஎல்சியில், அதாவது கரைசலைக் குழாயில் ஓட்டி ஒவ்வொன்றாகப் பிரிக்கும் கருவியில், அந்தப் பிரிப்புக் குழாயில் நிற்காமல் முதலிலேயே ஓடிவிடும். இருந்ததும் பிபிஎம் கணக்கில்தான். கடைசியில் மாட்டிவிட்டது வேறு ஒரு சோதனை. கரைப்பான் மிச்சத்தைப் பார்க்கும் கேஸ் குரோமட்டோகிராமில் தெரியாத பீக் ஒன்று வருகிறதே என்று ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் கேள்வி எழுப்பியது. தெரியாத பீக்கை இரைச்சல் என்று தள்ளிவிடும் பழக்கம் எந்த ஆய்வகத்தில் இல்லை? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பிறகு சோதித்த மாத்திரைகளில் 20 மைக்ரோகிராம் வரை என்டிஎம்ஏ இருந்தது. நைட்ரோசமீன்களுக்கு அந்த 1.5 மைக்ரோகிராம் சலுகை கிடையாது. என்டிஎம்ஏவுக்கு நாளைக்கு 96 நானோகிராம்தான். அப்படிப் பார்த்தால் இருநூறு மடங்கு.

கடைசிச் சோதனையின் இரண்டாவது சிக்கல் கருவி. கோடிகளில் விலை போகும் எம்எஸ் வாங்கிவிட்டால் உண்மை தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2019இல் நெஞ்செரிச்சல் மருந்தான ரனிடிடினின் கதை அதைக் கொஞ்சம் அசைத்தது. வாலிஷூர் என்ற தனியார் ஆய்வகம் ஒரு மாத்திரையில் 30 லட்சம் நானோகிராமுக்கு மேல் என்டிஎம்ஏ இருப்பதாகச் சொன்னது. அவர்கள் பயன்படுத்தியது ஆவியை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் ஜிசி-எம்எஸ். சாம்பிளை 130 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். ரனிடிடின் மூலக்கூறிலேயே டைமெத்தில்அமீன் முனையும் இருக்கிறது, நைட்ரோ முனையும் இருக்கிறது. சூடாக்கினால் கருவிக்குள்ளேயே என்டிஎம்ஏ உருவாகிவிடும். எஃப்டிஏ சூடாக்காத எல்சி-ஹெச்ஆர்எம்எஸ் முறையில் பார்த்தபோது எண் பெரிதும் குறைந்தது. அப்படியும் ரனிடிடின் தப்பவில்லை. வைத்திருந்தாலே மெல்ல மெல்ல என்டிஎம்ஏ சேர்கிறது என்று தெரிந்து 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். மாசு நிஜம், அளவு பிழை. இரண்டும் ஒரே மருந்தில்.

எல்சி-எம்எஸ் மட்டும் சத்தியவான் என்று நினைக்க வேண்டாம். நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினில் வேறு கதை. மாத்திரையில் மிஞ்சிய டைமெத்தில்ஃபார்மமைடு, என்டிஎம்ஏ வரும் அதே நேரத்தில் பிரிப்புக் குழாயிலிருந்து வெளியே வந்தது. முன்னதன் நிறை 73, பின்னதன் நிறை 74. ஆனால் டைமெத்தில்ஃபார்மமைடின் கனமான ஐசோடோப்பு வடிவம் 74க்கு மிக அருகில் வரும். மூன்றாம் தசம இடத்தில்தான் இரண்டும் பிரியும். கருவியின் நிறைத் துல்லியத்தை அந்த அளவுக்கு இறுக்காமல் வைத்திருந்தால் கரைப்பானையும் நைட்ரோசமீன் என்று எண்ணிவிடும். ஒரு தனியார் ஆய்வகத்தின் எண்களை எஃப்டிஏ அப்படித்தான் மறுத்தது. கரைப்பானும் மாசும் ஒரே குடும்பம் என்றால் கருவி வாங்குவதைவிட பிரிப்புக் குழாயில் அவற்றைப் பிரித்து நிறுத்துவது முக்கியம். அதற்குக் கோடி வேண்டாம். பொறுமையான ஒரு கெமிஸ்ட் வேண்டும்.

சரி, பேட்ச் ஃபெயில் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பது எல்லா ஸ்டெப்பும் முடிந்த சரக்கு. கரைப்பான், ஆள்கூலி, மூன்று வார ரியாக்டர் நேரம், எல்லாம் அதற்குள் போய்விட்டது. திரும்பக் கரைத்துப் படிகமாக்கலாம். அந்த மாசு படிகத்தோடு சேர்ந்தே வருவதாக இருந்தால் அதுவும் வீண்.

இன்டர்மீடியட்டில் பிடித்தால்

ப்ரோமோ ஓடிபிஎன்னை எடுத்துக்கொள்ளுங்கள். வாலின் என்ற அமினோ அமிலத்தின் எஸ்டரோடு அது வினைபுரிந்து அடுத்த இன்டர்மீடியட் ஆகிறது. அங்கே மிஞ்சிய ப்ரோமோவை 0.1 சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்று வைப்போம். பைஃபீனைல் வளையம் புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். ஏற்கெனவே மூலையில் நிற்கும் பழைய ஹெச்பிஎல்சியும் யூவி டிடெக்டரும் போதும். பேட்ச் ஃபெயில் ஆனாலும் மலிவான கட்டத்தில் ஃபெயில் ஆகிறது. அமீனை, அதாவது அந்த எஸ்டரை, இன்னும் கொஞ்சம் போட்டு வினையை முடிக்கலாம், அல்லது ஒரு முறை கூடுதலாகக் கழுவலாம். கடைசிச் சோதனையில் இந்த இரண்டாவது வாய்ப்பே கிடையாது.

யூவி போதும் என்பதால் கவனம் வேண்டாம் என்று ஆகாது. நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஒரு பென்சைல் ப்ரோமைடு வகைச் சரக்கு காலையில் ஒரு எண் காட்டும், மாலையில் குறைவாகக் காட்டும். ஒரு வாரம் பிரிப்புக் குழாயைத் திட்டினோம், டிடெக்டர் விளக்கை மாற்றினோம். கடைசியில் சாம்பிளை மெத்தனாலில் கரைத்திருந்ததுதான் காரணம். மெத்தனால் சும்மா இருக்காது. ப்ரோமினைத் தள்ளிவிட்டு மெத்தில் ஈதராக மாற்றிவிடும். ஆட்டோசாம்ப்ளர் தட்டில் மணிக்கணக்கில் காத்திருந்த குப்பிகளில் மாசு தானாகக் குறைந்துகொண்டிருந்தது. அசிட்டோநைட்ரைலுக்கு மாறினோம், கரைத்தவுடன் போட்டோம், எண் நின்றது. அதற்கு முன் ரிலீஸ் ஆன பேட்சுகளை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

இனி பர்ஜ் கணக்கு. மாசு ஒவ்வொரு ஸ்டெப்பிலும் எத்தனை மடங்கு குறைகிறது என்பதுதான் பர்ஜ். 2010 வாக்கில் ஆஸ்ட்ராசெனிகாவின் ஆண்ட்ரூ டீஸ்டேல் முன்வைத்த மதிப்பெண் முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. அந்த நிலைமையில் மாசு கடுமையாக வினைபுரிந்து அழிந்தால் 100, நடுத்தரமாக என்றால் 10, சும்மா இருந்தால் 1. கரைந்து, படிகத்தைப் பிரித்தபின் மிஞ்சும் திரவமான மதர் லிக்கரில் போய்விட்டால் 10 வரை, ஆவியானால் 10 வரை. எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். நமக்குத் தேவையான பர்ஜ் எவ்வளவு? 1000 பிபிஎம்மிலிருந்து 4.7க்கு இறங்க 213 மடங்கு. வரம்பின் 30 சதவீதம், அதாவது 1.4 பிபிஎம், வேண்டுமென்றால் ஏறத்தாழ 700 மடங்கு. ப்ரோமோவுக்குக் கிடைப்பதோ அசைடு ஸ்டெப்பில் 100, எஸ்டரை உடைக்கும் காரத்தில் 100, கடைசிப் படிகமாக்கலில் 10. பெருக்கினால் ஒரு லட்சம். காகிதத்தில் பார்த்தால் அதன் சாம்பல்கூட மிஞ்சாது. ரெகுலேட்டரிக்காரர் பேனாவை மூடிவைத்துவிடுவார்.

இங்கேதான் நான் கையைப் பிடிப்பேன். அசைடு ஸ்டெப்பில் ப்ரோமோ அழிகிறது என்று எழுதினோமே, அழிந்து என்ன ஆகிறது? ப்ரோமின் போன இடத்தில் அசைடு வந்து உட்காரும். அதே சூட்டில் மறுமுனையில் இருக்கும் நைட்ரைல் டெட்ரசோல் ஆகும். கிடைப்பது அசைடோமெத்தில் பைஃபீனைல் டெட்ரசோல். 2021இல் சார்டன்களைத் திரும்பவும் உலுக்கிய அசைடோ மாசு இதுதான். ஐரோப்பிய மருந்துத் தர அமைப்பான ஈடிக்யூஎம் அந்த ஆண்டு எச்சரித்தது, கனடாவில் இர்பிசார்டன், லோசார்டன், வால்சார்டன் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்கள். பர்ஜ் கணக்கு பொய் சொல்லவில்லை. ப்ரோமோ உண்மையிலேயே காணாமல் போயிருக்கும். கணக்கு தாயைப் பற்றியது, பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிள்ளைக்கு மருந்தின் அதே டெட்ரசோல் முனை இருக்கிறது. காரத்தில் மருந்து கரைந்தால் அதுவும் கரையும், அமிலத்தில் மருந்து வெளியே வந்தால் அதுவும் வெளியே வரும். தாய்க்கு இருந்த கழிவு வழிகளில் பாதி அதற்கு இல்லை.

எனவே இன்டர்மீடியட் சோதனை என்றால் எந்த இன்டர்மீடியட் என்பதுதான் கேள்வி. மாசு வேறொன்றாக உருமாறும் ஸ்டெப்புக்கு முன்னால் சோதிக்க வேண்டும். இங்கே அது அசைடு போடுவதற்கு முந்தைய சரக்கு. அங்கே வைக்கும் வரம்பும் ப்ரோமோவின் பர்ஜை வைத்து வரக் கூடாது, அசைடோவின் பர்ஜை வைத்து வர வேண்டும். அதைக் காகிதத்தில் போட முடியாது. ப்ரோமோவை வேண்டுமென்றே 0.1, 0.5 சதவீதம் சேர்த்து ஆய்வகத்தில் கடைசி வரை ஓட்டி, ஏபிஐயில் அசைடோ எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஸ்பைக் சோதனை என்பார்கள். ஒரு மாத வேலை. 0.1 சதவீதம் தாங்காது என்று தெரிந்தால் 0.02க்கு இறங்க வேண்டியதுதான். யூவிக்கு அது கஷ்டம், ஆனால் முடியாத காரியம் இல்லை.

நான்காம் வழியை, அதாவது சோதனையே இல்லாத வாதத்தை, நான் முழுக்க ஒதுக்கவில்லை. தயோனைல் குளோரைடு முதல் ஸ்டெப்பில் வருகிறது, பிறகு நான்கு முறை தண்ணீரில் கழுவுகிறோம் என்றால் அதைச் சோதிப்பது நேர விரயம். தண்ணீரைக் கண்டதும் அது கந்தக டை ஆக்சைடாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் போய்விடும். அந்த இரண்டையும் எல்லோருக்கும் தெரியும், யாரும் பயப்பட வேண்டியதில்லை. மாசு என்னவாக மாறுகிறது என்று ஒரே வரியில் எழுத முடிந்தால் வாதம் போதும். எழுத முடியாவிட்டால் சோதனை வேண்டும்.

வினையை மாற்றினால்

கேட்க அழகாக இருக்கும். மாசே பிறக்காது என்றால் எதற்குச் சோதனை? சார்டன்களில் இதற்கு எளிய வடிவமும் இருந்தது. அசைடு வினை முடிந்ததும் மருந்து இருக்கும் கரைசலையும் அசைடு இருக்கும் தண்ணீர் அடுக்கையும் முதலில் பிரித்துவிட்டு, அசைடை வேறு தொட்டியில் தனியாகக் கொல்வது. நைட்ரைட் மருந்தின் முகத்தையே பார்க்காது. 2020இல் வந்த எஃப்டிஏ வழிகாட்டுதலும் இந்தத் திசையில்தான் போகிறது. இதற்கு ஒரு தொட்டியும் சில குழாய்களும் போதும். இப்படி ஒரு மாற்றம் கையில் இருந்தால் மற்ற இரண்டு வழிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் வினையை மாற்றுவது என்றால் பெரும்பாலும் இவ்வளவு சுலபம் இல்லை. என்டிஎம்ஏ வந்த கதையே ஒரு முன்னேற்றத்தில் தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது. டெட்ரசோல் கட்டப் பழைய செய்முறைகளில் ட்ரைபியூட்டைல்டின் அசைடு என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. நச்சு, சரக்கிலிருந்து அதை வெளியே எடுப்பதும் பெரும் பாடு. அதை விட்டு வந்தது நல்ல நோக்கம்தான். வந்த இடத்தில் என்ன பிறக்கும் என்று உட்கார்ந்து யோசிக்காததுதான் தப்பு. புது வினைக்குப் புது மாசுப் பட்டியல் வேண்டும். பழைய பட்டியலை வைத்துப் புதுச் சரக்கைச் சோதித்தால் எல்லாம் சுத்தம் என்றுதான் வரும்.

அப்புறம் காகித வேலை. டிஎம்எஃப் என்றால் எங்கள் தொழிலில் இரண்டு பொருள். ஒன்று அந்தக் கரைப்பான், மற்றது அரசிடம் கொடுத்து வைக்கும் டிரக் மாஸ்டர் ஃபைல். வினையை மாற்றினால் இரண்டாவது டிஎம்எஃபைத் திருத்த வேண்டும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அறிவிக்க வேண்டும், அவர்கள் தத்தம் நாட்டில் திருத்த வேண்டும். ஆறு மாதம் என்று ஆர் அண்ட் டி ஆள் சொன்னது ஆய்வகத்துக்கு மட்டும். மற்றது ஆண்டுக் கணக்கு. ஆகவே சரக்கு இன்னும் மருத்துவப் பரிசோதனைக் கட்டத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வினையை மாற்றுங்கள். பத்து நாட்டில் விற்கும் சரக்கு என்றால் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கத் தெம்பு இருக்கிறதா என்று முதலாளியைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றிலும் அகப்படாதவை

செய்முறைப் படத்தில் இல்லாத இடத்திலிருந்து வரும் மாசை எந்த வழியும் நேராகப் பிடிக்காது. 2007இல் ரோஷ் நிறுவனத்தின் விராசெப்ட் என்ற எச்ஐவி மருந்து ஐரோப்பாவில் திரும்பப் பெறப்பட்டது. மருந்தின் வினைகளில் கோளாறு எதுவும் இல்லை. மீத்தேன்சல்ஃபோனிக் அமிலம் வைத்திருந்த தொட்டியை எத்தனாலால் கழுவிவிட்டு முழுக்க உலர்த்தாமல் அமிலத்தை நிரப்பிவிட்டார்கள். அமிலமும் ஆல்கஹாலும் மெதுவாகச் சேர்ந்து எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் ஆனது. உறுதியாக மரபணுவைத் தாக்கும் பொருள். சில பேட்சுகளில் 2300 பிபிஎம் வரை ஏறியிருந்தது. எந்த மாசுப் பட்டியலிலாவது 'தொட்டி கழுவிய எத்தனால்' என்று ஒரு வரி இருக்குமா?

நம் பக்கத்து ஆலைகளில் இதற்கு நிகரான இடம் மீட்ட கரைப்பான். டொலுயீன், டைமெத்தில்ஃபார்மமைடு எல்லாவற்றையும் வெளியே ஒருவரிடம் கொடுத்து வடித்து வாங்குவார்கள். அதே வடிகோபுரத்தில் முந்தின நாள் யாருடைய கரைப்பான் ஓடியது என்பது அந்த ஆளுக்கே நினைவிருக்காது. நைட்ரோசமீன் விசாரணைகளில் வெளிவந்த முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. பர்ஜ் காகிதம் இதற்குக் குருடு. ஹெச்பிஎல்சியும் அனேகமாகக் குருடு. எனவே கடைசிச் சோதனையை முழுக்கக் கைவிட என்னால் முடியவில்லை. ஒவ்வொரு பேட்சிலும் வேண்டாம், ஆண்டுக்குச் சில பேட்சுகளை வெளி ஆய்வகத்தில் எம்எஸ்ஸில் பரந்த வலை வீசிப் பார்க்கலாம். மாதத்துக்கு நாற்பது ஐம்பது சாம்பிள் சேரும் வரை சொந்தமாக டிரிபிள் குவாட் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கருவியைவிட அதை ஓட்டத் தெரிந்த ஆளைத் தக்க வைப்பது கஷ்டம். பயிற்சி முடிந்த ஆறாம் மாதம் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவார்.

ஒரு விதிவிலக்கு. மாசு கடைசி ஸ்டெப்பிலோ அதற்கு முந்தைய ஸ்டெப்பிலோ பிறக்கிறது என்றால் இவ்வளவு யோசனை வேண்டாம். கழிவதற்குப் பின்னால் ஸ்டெப்பே இல்லை. ஏபிஐயில் சோதியுங்கள், கருவி இல்லையென்றால் வெளியே கொடுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன மாதிரி ஒரு கூட்டத்தில் நாங்கள் எடுத்த முடிவு இதுதான். இன்டர்மீடியட்டில், உருமாறும் ஸ்டெப்புக்கு முன்னால், ஹெச்பிஎல்சி. மூன்று அளவுகளில் ஸ்பைக் சோதனை. ஆறு பேட்ச் ஏபிஐ வெளி ஆய்வகத்துக்கு. டிரிபிள் குவாட் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது, கியூசி தலைவர் இரண்டு நாள் பேசவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மீட்ட டைமெத்தில்ஃபார்மமைடு டிரம் ஒவ்வொன்றிலும் தேதியும் எந்த ஸ்டெப்பிலிருந்து வந்தது என்பதும் எழுதி ஒட்ட வேண்டும், திறக்கும் முன் கியூசி சாம்பிள் எடுக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மறுநாள் காலை முதல் டிரம்மின் மூடியைத் திறந்தோம். கருவாட்டு வாசனை, டைமெத்தில்அமீன். மூக்குக்கே தெரிந்துவிட்டது. ஜிசி பிறகுதான் போட்டோம்.